அர்னாவ் டி விலநோவா

அர்னாவ் டி விலநோவா (சுமார் 1240 – செப்டம்பர் 6, 1311) ஐரோப்பிய இடைக்காலத்தின் புகழ்பெற்ற மருத்துவர்களுள் ஒருவர் ஆவார். இலத்தீன் நூல்களில் இவரது பெயர் அர்னால்டஸ் டி வில்லா நோவா எனக் காணப்படுகின்றது. அரகோன் நாட்டு அரசர்களுக்கும், திருத்தந்தையர் எட்டாம் பொனிபாசு, ஐந்தாம் கிளமென்ட் ஆகியோருக்கும் மருத்துவம் பார்த்தவர். மொன்பெலியே நகர மருத்துவக் கல்விக்கூடத்தின் ஆசிரியராகவும், அரபு மொழியிலிருந்து மருத்துவ நூல்களை இலத்தீனுக்கு மொழிபெயர்த்தவராகவும், கிறித்தவ சமயச் சீர்திருத்தம் வேண்டி எழுதியவராகவும் அறியப்படுகின்றார்.

பழங்கள், மூலிகைகள் ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்துச் செய்யப்படும் லிக்கியூர் என்னும் இனிப்பு மதுவகையின் தந்தை என்றும் இவர் பரவலாகக் குறிப்பிடப்படுகின்றார். ஆனால் இப்புகழ் பெரும்பாலும் இவர் எழுதியதாக உறுதி செய்யப்படாத நூல்களையும் பிற்காலக் கதைகளையும் சார்ந்தது. இவர் உண்மையில் எழுதிய சமய நூல்கள் இறப்புக்குப் பின் தடை செய்யப்பட்டன. இவர் எழுதாத பல நூல்களோ இவர் பெயரால் நூற்றாண்டுக் கணக்கில் படிக்கப்பட்டு வந்தன.

பிறப்பும் கல்வியும்

அர்னாவ் பிறந்த ஊர் எது என்பதில் நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. காட்டலோனியா, வலென்சியா, அரகோன், தென் பிரான்ஸ் ஆகிய பகுதிகள் இவரைத் தம் மண்ணின் மைந்தர் என உரிமை கொண்டாடி வந்துள்ளன. விலநோவா என்பதற்குப் புதூர் என்று பொருள். அப்பெயரில் பல ஊர்கள் இருந்தமையே இக்குழப்பத்துக்குக் காரணம். அரகோன் நாட்டில் தரோக்கா நகருக்கு அருகிலுள்ள ஊரே இவரது பிறப்பிடமாக இருக்கலாம் எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இவர் இளமையை வலென்சியாவில் கழித்தார். வலென்சியா 1238 ஆம் ஆண்டில்தான் முஸ்லிம் ஆட்சியிலிருந்து அரகோன் அரசின் கீழ் வந்திருந்தது. அங்கு வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் அரபு மொழி பேசினர். இச்சூழலில் அர்னாவ் அரபு மொழியைக் கற்றார். 1260களில் மொன்பெலியேயில் மருத்துவம் பயின்றார். அந்நகரைச் சேர்ந்த அக்னெஸ் என்பவரை மணந்தார். இவர்களது மகள் மரியா பின்னர் வலென்சியாவிலுள்ள டொமினிக்கன் மடத்தில் துறவியானார். பார்சலோனாவில் இருந்த காலத்தில் ரமோன் மார்த்தி என்னும் டொமினிக்கன் துறவியிடம் எபிரேய மொழியும் கற்றார்.

அரச மருத்துவர்

1281 ஆம் ஆண்டளவில் அர்னாவ் அரகோன் அரசர் மூன்றாம் பீட்டரின் மருத்துவரானார். இக்காலத்தில் பார்சலோனாவில் வாழ்ந்த இவர், 1282 இல் கிரேக்க மருத்துவர் கேலன் உடல் நடுக்கம் பற்றி எழுதிய நூலை அரபு வழியாக இலத்தீனுக்கு மொழிபெயர்த்தார். இதயத்துக்கான மருந்துகள் பற்றி இப்னு சீனா எழுதிய நூலும் இவரால் இலத்தீனுக்கு வந்தது.

1285 ஆம் ஆண்டு நவம்பரில் மூன்றாம் பீட்டர் விலபிராங்கா டெல் பெனெதெஸ் என்னும் ஊரில் இறந்தபோது, மரணப் படுக்கையில் அவரைக் கவனித்த மருத்துவர் அர்னாவே ஆவார். பின்னர் பீட்டரின் மகன்கள் மூன்றாம் அல்போன்சோ, இரண்டாம் ஜேம்ஸ் ஆகிய இருவருடனும் இவரது தொடர்பு நீடித்தது.

அரசர் இரண்டாம் ஜேம்சுக்காக இவர் எழுதிய உடல்நலக் கையேடு 1305க்கும் 1308க்கும் இடைப்பட்டது. நல்ல காற்று, உடற்பயிற்சி, குளியல், உறக்கம், மன உணர்ச்சிகள், உணவு, பானம் என அன்றாட வாழ்வை ஒழுங்குபடுத்தும் முறைகளை அந்நூல் வரிசையாகக் கூறுகின்றது. அரசருக்கு மூலநோய் இருந்தமையால் அதற்கான குறிப்புகளும் அதில் உள்ளன. அரசி பிளாங்காவின் விருப்பப்படி அரசவை அறுவை மருத்துவர் பெரெங்கெர் சரியேரா இந்நூலைக் காட்டலான் மொழியில் பெயர்த்தார். இலத்தீன் அறியாத மக்களும் படிக்கத்தக்க மருத்துவ நூல்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது.

மொன்பெலியேயில் ஆசிரியப் பணி

1290களில் அர்னாவ் மொன்பெலியேயில் மருத்துவம் கற்பித்தார். மருத்துவர் என்ற முறையில் இவரது மிகச் சிறந்த பங்களிப்பு இக்காலத்தைச் சேர்ந்தது. கலப்பு மருந்துகளின் வீரியத்தைக் கணக்கிடும் முறையை விளக்கும் மருந்துப் படிநிலைகள் பற்றிய நூலை இவர் எழுதினார்.

அக்கால மருத்துவக் கொள்கைப்படி ஒவ்வொரு மருந்துப் பொருளுக்கும் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகிய குணங்கள் உண்டு. ஒவ்வொரு குணமும் ஒன்று முதல் நான்கு வரையான படிகளில் அமையும். மிளகு போன்றவை வெப்பப் பொருள்கள். ரோசாப்பூ குளிர்ச்சிப் பொருள். பல பொருள்களைக் கலக்கும்போது கலவையின் படி என்னவாகும் என்பதே சிக்கலான கேள்வி. அரபு அறிஞர் அல்-கிந்தியின் வழியில் வந்த விடையை அர்னாவ் வளர்த்தெடுத்தார். வெப்பத்துக்கும் குளிர்ச்சிக்கும் உள்ள விகிதம் 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும்போதுதான் படி 1, 2, 3, 4 என ஒவ்வொன்றாக உயரும் என்பது அக்கொள்கை. வெப்பம், குளிர்ச்சி என்னும் அடிப்படை இன்று ஏற்கப்படுவதில்லை. எனினும் மருந்தின் அளவையும் விளைவையும் கணிதத்தால் இணைக்க வேண்டும் என்ற எண்ணம் மருந்தியல் வரலாற்றில் முக்கியமானது.

1309 ஆம் ஆண்டில் மொன்பெலியேயில் மருத்துவ மாணவர்கள் படிக்க வேண்டிய நூல்களை வரையறுத்துத் திருத்தந்தை ஐந்தாம் கிளமென்ட் ஓர் ஆணை வெளியிட்டார். இதற்கு ஆலோசனை வழங்கியவர்களுள் அர்னாவும் ஒருவர். கேலனின் பல நூல்கள் அப்பட்டியலில் இடம்பெற்றன.

சமயக் கருத்துகளும் பாரிஸ் வழக்கும்

அர்னாவ் குருத்துவக் கல்வி பெற்றவர் அல்லர், இல்லறத்தவர். ஆயினும் விவிலியத்தை ஆராய்ந்து, அந்திக்கிறிஸ்துவின் வருகை பதினான்காம் நூற்றாண்டிலேயே நிகழும் எனக் கணித்தார். திருச்சபை செல்வத்தை விட்டு எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்றும் வலியுறுத்தினார். ஏழ்மையைக் கடுமையாகப் பின்பற்றிய பிரான்சிஸ்கன் துறவிகளை ஆதரித்தார்.

இரண்டாம் ஜேம்சின் தூதராக அரான் பள்ளத்தாக்குப் பற்றிய எல்லைச் சிக்கலைப் பேசுவதற்கு இவர் பாரிசுக்கு அனுப்பப்பட்டார். அங்கு அந்திக்கிறிஸ்து பற்றிய தம் நூலை இறையியல் ஆசிரியர்களிடம் காட்டினார். 1300 ஆம் ஆண்டில் அந்நூல் கண்டனத்துக்கு உள்ளானது. அர்னாவ் சிறைப்படுத்தப்பட்டுப் பிணையில் விடுவிக்கப்பட்டார். அரசத் தூதர் ஒருவரை இவ்வாறு நடத்தியது முறையன்று எனப் பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப்பிடம் முறையிட்ட இவர், பின்னர் திருத்தந்தையிடமும் மேல்முறையீடு செய்தார்.

திருத்தந்தை எட்டாம் பொனிபாசு இவரது சமயக் கருத்துகளை விரும்பவில்லை. ஆனால் சிறுநீரகக் கல் நோயால் துன்புற்று வந்த அவருக்கு அர்னாவின் மருத்துவம் தேவைப்பட்டது. 1301 ஆம் ஆண்டில் அர்னாவ் சிங்க உருவம் பொறித்த பொன் முத்திரை ஒன்றையும், இடுப்பில் அணியும் கச்சை ஒன்றையும் செய்து கொடுத்தார். நோய் தணிந்ததால் திருத்தந்தையின் ஆதரவு கிடைத்தது. இறையியலை விட்டு மருத்துவத்தை மட்டும் கவனிக்குமாறு பொனிபாசு அறிவுறுத்தியதாகக் கூறப்படுகின்றது. அர்னாவ் அதற்கு இணங்கவில்லை.

காய்ச்சி வடித்தலும் அர்னாவும்

சாராயம் காய்ச்சி வடிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அர்னாவ் எனப் பழைய நூல்கள் சில கூறுகின்றன. இது சரியன்று. வாலையில் பொருள்களைக் காய்ச்சி வடிக்கும் கலை அரபு வேதியியலாளர்களால் நன்கு வளர்க்கப்பட்டிருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இத்தாலியின் சலேர்னோ மருத்துவ மரபில் திராட்சை மதுவிலிருந்து எரியும் நீர் வடிக்கும் குறிப்புகள் காணப்படுகின்றன. அர்னாவின் சமகாலத்தவரும் 1295 இல் இறந்தவருமான போலோனியா மருத்துவர் ததேயோ அல்தெரோத்தி, சுருள் குழாயைக் குளிர்ந்த நீரில் வைத்துப் பலமுறை வடித்து வீரியமுள்ள சாராயம் பெறும் முறையை விளக்கியுள்ளார்.

இம்முறையின் அடிப்படை எளியது. ஆல்ககால் சுமார் 78 பாகை செல்சியசில் கொதிக்கும். நீர் 100 பாகையில் கொதிக்கும். எனவே வைன் எனப்படும் திராட்சை மதுவைச் சூடாக்கும்போது முதலில் எழும் ஆவியில் ஆல்ககால் மிகுந்திருக்கும். அதைக் குளிரவைத்துத் தொகுத்தால் வீரியமான சாராயம் கிடைக்கும். அக்காலத்தில் இது வாழ்வின் நீர் என்னும் பொருள் தரும் அக்வா விட்டே என்ற பெயரால் அழைக்கப்பட்டது. அது குடிப்பதற்கான மதுவாக அன்றி, மிகச் சிறிய அளவில் வடிக்கப்பட்ட விலையுயர்ந்த மருந்தாகவே விளங்கியது.

அர்னாவின் பெயரை வாழ்வின் நீருடன் இணைத்தவை முதன்மையாக இரு நூல்கள்:

* இளமையைக் காத்து முதுமையைத் தள்ளிப்போடுதல் பற்றிய நூல். இதில் சாராயத்தின் மருத்துவப் பயன்கள் புகழ்ந்து கூறப்படுகின்றன. இந்நூல் அர்னாவின் படைப்புத்தானா என்பது ஐயத்துக்குரியது.
* மது வகைகள் பற்றிய நூல். ரோஸ்மேரி போன்ற மூலிகைகளையும், உலர்திராட்சை போன்றவற்றையும் சேர்த்து மருந்து மது செய்யும் முறைகளை இது தொகுத்துத் தருகின்றது. வில்ஹெல்ம் வான் ஹிர்ன்கோபன் செய்த இதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1478 இல் எஸ்லிங்கன் நகரில் அச்சானது. மது பற்றி அச்சிடப்பட்ட மிகப் பழைய நூல்களுள் ஒன்றாக அது கருதப்படுகின்றது. இந்நூலையும் அர்னாவே எழுதினார் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை.

எழுதியவர் எவராயினும், இந்நூல்கள் காட்டும் மருத்துவச் சிந்தனை அக்காலத்துக்குப் பொதுவானது. மூலிகையின் குணத்தை மது தன்னுள் இழுத்துக்கொண்டு உடலெங்கும் விரைவாகக் கொண்டு செல்லும் என மருத்துவர்கள் நம்பினர். கசப்பு மருந்தையும் இனிய மதுவில் கலந்தால் நோயாளி எளிதில் அருந்துவார். புதிய பழங்கள் எளிதில் கெட்டு உடலில் தீய நீர்களை உண்டாக்கும் என்ற அச்சம் கேலன் வழி வந்த மருத்துவத்தில் இருந்தது. எனவே பழத்தை உலர்த்தியோ, தேனில் இட்டோ, மதுவில் ஊறவைத்தோ கொடுப்பது பாதுகாப்பானதாகக் கருதப்பட்டது. பிற்கால லிக்கியூர் வகைகள் மருந்துக் கடைகளிலும் துறவிகளின் மடங்களிலும் உருவானமைக்கு இதுவே பின்னணியாகும்.

இனிப்பு மது பற்றிய கதை

தென் பிரான்சின் ருசியோன் பகுதியில் பனியூல்ஸ், மோரி, ரிவ்சால்ட் முதலிய இனிப்பு மதுக்கள் செய்யப்படுகின்றன. நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில் வீரியமான சாராயத்தை ஊற்றினால் ஈஸ்ட் செயலிழந்து நொதித்தல் நின்றுவிடும். ஆல்ககாலாக மாறாத பழச் சர்க்கரை மதுவிலேயே தங்கிவிடும். தற்போது 96 விழுக்காட்டு அளவுள்ள சாராயம், சாற்றின் கன அளவில் 5 முதல் 10 விழுக்காடு வரை சேர்க்கப்படுகின்றது.

இம்முறையை 1285 ஆம் ஆண்டில் அர்னாவ் மொன்பெலியேயில் கண்டறிந்தார் என்றும், மயோர்க்கா அரசரிடமிருந்து இதற்கான தனியுரிமை பெற்றார் என்றும் மது வணிக நூல்கள் வழக்கமாகக் கூறுகின்றன. இக்கதையை ஏற்பதில் இடர்ப்பாடுகள் உள்ளன. 1285 இல் அர்னாவ் அரகோன் அரசர் மூன்றாம் பீட்டரின் மருத்துவராக இருந்தார். அப்போது ருசியோனையும் மொன்பெலியேயையும் ஆண்ட மயோர்க்கா அரசர், பீட்டரின் தம்பியாவார். அவர் பெயரும் இரண்டாம் ஜேம்ஸ் என்பதே. அவ்வாண்டில் பிரெஞ்சுப் படை அரகோன் மீது போர் தொடுத்தபோது மயோர்க்கா அரசர் அண்ணனுக்கு எதிராகப் பிரெஞ்சுப் பக்கம் நின்றார். மேலும், சொட்டுக் கணக்கில் மருந்தாகக் கொடுக்கப்பட்ட சாராயத்தைப் பீப்பாய்க் கணக்கில் மதுவில் ஊற்றுவது அக்காலப் பொருளியலுக்குப் பொருந்துவதாக இல்லை.

அர்னாவ் 1290களில் மொன்பெலியேயில் கற்பித்தது உண்மை. அந்நகர் அப்போது மயோர்க்கா அரசரின் ஆட்சியில் இருந்ததும் உண்மை. இவ்விரு உண்மைகளின் மேல் பிற்காலத்தவர் கட்டிய கதையாக இதனைக் கொள்ளலாம்.

இறுதிக் காலம்

1309 இல் அர்னாவ் அவிஞ்ஞோனில் திருத்தந்தை கிளமென்ட் முன்னிலையில் உரையாற்றினார். அப்போது அரகோன் அரசர் இரண்டாம் ஜேம்சும் அவர் தம்பி சிசிலி அரசர் மூன்றாம் பிரெடரிக்கும் கண்ட கனவுகளைப் பற்றிப் பேசி, அவர்களுக்குச் சமயத்தில் ஐயம் இருந்ததாகப் பொருள்படுமாறு கூறிவிட்டார். இச்செய்தி ஜேம்சுக்கு எட்டியபோது அவர் கடுஞ்சினம் கொண்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்த அரகோன் அரசவைத் தொடர்பு இதனால் முறிந்தது. சிசிலி அரசர் பிரெடரிக் மட்டும் தொடர்ந்து ஆதரவு அளித்தார்.

1311 இல் சிசிலியிலிருந்து திருத்தந்தையைக் காணக் கடல் வழியே சென்றபோது, ஜெனோவாவுக்கு அருகில் கப்பலிலேயே அர்னாவ் காலமானார். அவரது உடல் ஜெனோவாவில் அடக்கம் செய்யப்பட்டது. 1312 இல் திருத்தந்தை கிளமென்ட், தமக்குத் தருவதாக அர்னாவ் வாக்களித்திருந்த மருத்துவ நூலை வைத்திருப்போர் ஒப்படைக்க வேண்டும் எனக் கடிதம் அனுப்பினார்.

தடையும் போலி நூல்களும்

கிளமென்டின் மறைவுக்குப் பின் அர்னாவின் எழுத்துகளுக்குப் பாதுகாப்பு இல்லாமல் போனது. 1316 இல் தர்ரகோனாவில் சமய விசாரணையாளரும் திருச்சபை அதிகாரிகளும் கூடி இவரது சமய நூல்கள் பலவற்றைக் கண்டித்தனர். அவற்றை வைத்திருப்போர் ஒப்படைக்க வேண்டும் எனவும் ஆணையிடப்பட்டது. இதனால் இவரது காட்டலான் மொழிச் சமய எழுத்துகளில் பல மறைந்தன. எஞ்சியவை காட்டலான் உரைநடையின் தொடக்ககால ஆக்கங்களாக மதிக்கப்படுகின்றன.

அதே நூற்றாண்டில் இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் தொடங்கியது. உலோகத்தைப் பொன்னாக்கும் இரசவாத நூல்கள் பல அர்னாவின் பெயரில் எழுதப்பட்டன. புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரின் பெயர் நூலுக்கு மதிப்பைத் தந்தது. மயோர்க்காவின் தத்துவ அறிஞர் ரமோன் லுல் இவரிடம் இரசவாதம் கற்றார் என்ற கதையும் தோன்றியது. லுல் இரசவாதத்தை ஏற்காதவர். லுல் பெயரில் வழங்கும் இரசவாத நூல்களும் பிற்காலத்தவை.

1504 இல் லியோன் நகரில் அர்னாவின் நூல் தொகுதி அச்சிடப்பட்டபோது மெய்யான நூல்களும் ஐயத்துக்குரியவையும் ஒன்றாகவே இடம்பெற்றன. எனவே பின்வந்தவர்களால் இரண்டையும் பிரித்தறிய இயலவில்லை. 1975 முதல் அர்னாவின் மருத்துவ நூல்கள் கையெழுத்துப் படிகளுடன் ஒப்பிடப்பட்டு ஆய்வுப் பதிப்புகளாக வெளிவருகின்றன. மருந்துப் படிநிலைகள் பற்றிய நூல் இவ்வரிசையில் முதலில் வெளியானது.

பழம் ஊறிய மதுவின் மரபு

அர்னாவ் வாழ்ந்த நிலப்பகுதிகளில் பழத்தையும் மூலிகையையும் சாராயத்தில் ஊறவைக்கும் வழக்கம் இன்றும் வீடுகளில் உள்ளது. காட்டலோனியாவின் ரத்தாபியா இதில் புகழ்பெற்றது. அக்ரூட் காய்கள் உள்ளோடு முற்றாமல் பச்சையாக இருக்கும் ஜூன் மாதத்தில், புனித யோவான் திருநாளான ஜூன் 24 ஐ ஒட்டிப் பறிக்கப்படுகின்றன. அவற்றை நறுக்கி, புதினா முதலிய மூலிகைகள், இலவங்கப்பட்டை, சாதிக்காய், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றுடன் சீமைச் சோம்புச் சாராயத்தில் இடுவர். கண்ணாடிக் குடுவையைப் பகலில் வெயிலும் இரவில் பனியும் படுமாறு சுமார் 40 நாட்கள் வெளியே வைத்து, பின் வடிகட்டிச் சர்க்கரை சேர்ப்பர். பச்சை நிறமாகத் தொடங்கும் மது, காயிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் காற்றுடன் வினைபுரிவதால் கரும்பழுப்பாக மாறும். மூலிகைக் கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

வட ஸ்பெயினின் நவார்ரா பகுதியில் செய்யப்படும் பச்சாரான் இதே வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு லிட்டருக்கு 125 முதல் 300 கிராம் வரை காட்டு நீலப் பழங்கள் சோம்புச் சாராயத்தில் ஒன்று முதல் எட்டு மாதங்கள் வரை ஊறுகின்றன.

இம்முறைகளில் வாலைக்கு வேலையில்லை. சாராயம் ஆயத்தமாக வாங்கப்படுகின்றது. வீட்டில் நிகழ்வது ஊறவைத்தல் மட்டுமே. சாராயத்திலுள்ள ஆல்ககால் தோலிலும் இலையிலும் உள்ள மணமுள்ள எண்ணெய்களைக் கரைக்கின்றது. நீர் பழத்தின் புளிப்பையும் சர்க்கரையையும் கரைக்கின்றது. பழத்தின் நீர் கலந்து வீரியம் மிகக் குறைந்துவிட்டால் மது கெட நேரிடும் என்பதால் பழத்தின் அளவும் சாராயத்தின் வீரியமும் பொருந்தி இருக்க வேண்டும். வீட்டில் சாராயம் வடிப்பது தீப்பற்றும் இடர் உடையது. பல நாடுகளில் சட்டத்தால் தடை செய்யப்பட்டுள்ளது. ஊறவைத்தல் அத்தகைய இடர் அற்றது.

ரத்தாபியாவை அர்னாவ் செய்தார் என்பதற்குச் சான்று இல்லை. அவர் தலைமுறையின் மருத்துவர்கள் மருந்தாகக் கையாண்ட முறை, சாராயமும் சர்க்கரையும் விலை குறைந்த பின்னர் வீட்டுச் சமையலறைக்கு வந்து சேர்ந்தது என்பதே உறுதியாகக் கூறத்தக்கது. எத்தனை பொருள், எந்த அளவில், என்ன விளைவு என்ற கேள்விக்குக் கணக்கால் விடை தேடியதே அர்னாவின் மெய்யான மருத்துவப் பணியாக நிலைத்துள்ளது.